கண்ணுக்குத் தெரியணும், காதுக்கு எட்டக்கூடாது

கேள்வி: அம்மா, எனக்கு 24 வயது. ராமநாதபுரத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். கூடப் படித்த ஒருவரோடு ஆறு மாதமாகப் பழகுகிறேன். கல்யாணம் செய்துகொள்வோமா என்று இரண்டு பேருமே இன்னும் முடிவெடுக்கவில்லை. பேச்செல்லாம் போனில்தான். ஒருநாள் அரியமான் கடற்கரைக்குப் போனபோது, சவுக்குத் தோப்பில் யாரோ எங்களைப் போட்டோ எடுத்தார். பேக்கரியில் ஒரு டீக்கு மேல் உட்கார விடமாட்டார்கள். “உட்கார இடம் கட்டிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும்” என்கிறார் அப்பா. இடம் கேட்பது தப்பா?
- ஒரு வாசகி, ராமநாதபுரம்

பதில்: தப்பே இல்லை. உனக்கு என் மகள் வயது, அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

1986-ல் மண்டபத்தில் எனக்குக் கட்டட வரைபடம் போடும் வேலை. வீடு ராமேஸ்வரத்தில். பாம்பனில் சாலைப் பாலம் திறந்தது 1988-ல்தான். அதுவரை சாயங்காலம் ரயிலுக்காகக் காத்திருந்துதான் வீடு போய்ச் சேரணும். அந்த பிளாட்பாரத்து சிமெண்ட் பெஞ்சில்தான் என் வீட்டுக்காரரோடு முதன்முதலில் மனம்விட்டுப் பேசினேன். ரயில் லேட் என்றால் அவ்வளவு சந்தோஷம். சுற்றிலும் மீன் கூடைக்காரம்மாக்கள், யாத்திரைக்காரர்கள், டீக்காரர். எல்லார் கண்ணுக்கும் நாங்கள் தெரிந்தோம், நாங்கள் பேசியது மட்டும் யாருக்கும் கேட்கவில்லை. ‘இங்கே என்ன வேலை’ என்று யாரும் கேட்கவும் முடியாது, ரயிலுக்கு நிற்கிறோம். பாலம் வந்து பஸ் ஓடியதும் ஊருக்குப் பெரிய நன்மை. ஆனால் அந்தக் காத்திருப்பு போய்விட்டது. அதற்குப் பதிலாக ஓர் இடத்தை நாம் யாரும் யோசிக்கவில்லை.

உன் அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆபத்து உட்காருவதில் இல்லை, ஒளிவதில்தான். நியூயார்க்கின் நடுவில் பிரையன்ட் பார்க் என்று ஒரு பூங்கா. 1970-களில் சுற்றிலும் வேலியும் உயரமான செடிகளுமாக இருந்ததால் உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியாது. போதைப்பொருள் விற்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் செடிகளை எடுத்து, வாசல்களைக் கூட்டி, இழுத்துப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகள் வைத்து 1992-ல் மறுபடி திறந்தார்கள். மதியச் சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஜனங்கள் வந்து நிறைந்தார்கள். நம் பிள்ளைகளும் வெளியில் இடமில்லாமல்தானே தோப்புக்குள் போகிறார்கள்?

என்னைக் கேட்டால், நம் கடற்கரைக்கு இப்படிப் போடுவேன். பெஞ்சு கருங்கல்லில். இரும்பு போட்டால் உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும். நேர்கோட்டில் வேண்டாம், ‘ட’ எழுத்தின் மூலை மாதிரி மடக்கிப் போடணும். அப்போதுதான் முகம் பார்த்துப் பேச முடியும், இடையில் கொஞ்சம் இடம் விட்டும் உட்காரலாம். பழகி ஒரு வாரம் ஆன இரண்டு பேருக்கு அந்த இடைவெளி ரொம்ப முக்கியம். ஒரு பெஞ்சுக்கும் அடுத்ததுக்கும் பதினைந்து அடி. கச்சான் காற்று அடிக்கும்போது மணல் முகத்தில் அறையாமலிருக்க, பின்னால் இடுப்பளவுச் சுவர். உட்கார்ந்தாலும் தலை வெளியே தெரியணும். நிழலுக்குப் பூவரசு. கண்ணைக் கூச வைக்கும் ஹைமாஸ் ஒன்றுக்குப் பதிலாக, தாழ்வான விளக்குகள் நிறைய. பக்கத்திலேயே டீக்கடை, சங்கு பாசிக் கடை. பெண்களுக்குத் தண்ணீர் வரும் கழிவறை. இது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் ஆண்களுக்கு மட்டும் கட்டியது.

காதலர்களுக்கு என்று தனியாக ஓர் இடம் கேட்காதே. பலகை வைத்த அன்றே அங்கே யாரும் போகமாட்டார்கள். காதல் முறிந்து தோழி தோளில் அழுகிற பெண்ணுக்கும், கல்யாணம் நிச்சயமாகியும் இன்னும் பேசிப் பழகாத ஜோடிக்கும், வெளிநாடு போகிற நண்பனை வழியனுப்ப வந்த பையன்களுக்கும் அதே பெஞ்சுதான் வேண்டும்.

வயது வந்த இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவது குற்றமில்லை. வயது வந்த இருவர் மனமொத்துக் கல்யாணம் செய்ய குடும்பமோ சாதியோ சம்மதிக்கத் தேவையில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மறுபடி யாராவது தொந்தரவு செய்தால் தயங்காமல் பெண்கள் உதவி எண் 181-க்கு போன் செய்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள். தோழிகளிடம் கையெழுத்து வாங்கி ஒரு மனு கொடு. அப்பாவையும் ஒருநாள் சாயங்காலம் அரியமானுக்குக் கூட்டிப்போய், எங்கே உட்காரலாம் என்று அவரையே காட்டச் சொல். அந்த இடத்தை அளந்து அனுப்பு, பெஞ்சுக்கான வரைபடத்தை நானே போட்டுத் தருகிறேன்.