ஓவியத்தை வீட்டுக்கு வந்து முடித்தால் ஏமாற்று வேலையா?

"அந்தக் காலத்து வெள்ளைக்கார ஓவியர்கள் இடத்திலேயே உட்கார்ந்து வாட்டர்கலரை முடித்தார்களே, நான் பென்சிலில் போட்டுக்கொண்டு வந்து வீட்டில் வண்ணம் அடிப்பது தப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களை நக்கல் அடித்திருக்கிறார்கள். எனக்கும் நடந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

எட்வர்ட் லியர் என்ற ஆங்கில ஓவியர் 1846-இல் விக்டோரியா ராணிக்கே ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். வைஸ்ராய் நார்த்புரூக் அழைக்க, 61 வயதில், 1873 நவம்பரில் பம்பாயில் வந்து இறங்கினார். டார்ஜிலிங், மாமல்லபுரம், காஞ்சிபுரம், தஞ்சாவூர், ஊட்டி, கடைசியில் இலங்கை வரை அலைந்தார். ஆனால் இடத்தில் அவர் செய்தது பென்சில் வேலைதான். எந்த ஊர், என்ன தேதி, எத்தனை மணி என்று மூலையில் குறிப்பார். எங்கே என்ன நிறம் என்று படத்தின் மேலேயே கிறுக்குவார். அப்புறம் சாவகாசமாக மைக்கோடு, அதன்மேல் நீர்வண்ணம். அந்தக் கிறுக்கல்கள் வண்ணத்துக்கு அடியில் இன்னமும் தெரிகின்றன. 1874 ஜனவரியில் டார்ஜிலிங்கில் பார்த்த கஞ்சன்ஜங்காவைப் பெரிய எண்ணெய் ஓவியமாகத் தீட்டியது ஐரோப்பா திரும்பிய பிறகுதான்.

அவருக்கு முன்னால் இந்தியாவுக்கு வந்த ஆங்கில ஓவியர்கள் டேனியல்கள், தாமஸும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும், காட்சியைத் தாளில் விழவைக்கும் கேமரா அப்ஸ்கியூரா பெட்டியையே தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். அவர்களுடைய 144 அச்சுப் படங்களும் 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளிவந்தவை. யாரும் அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை.

என் கதைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் படம் வரையும் ஒரு குழுவோடு மாமல்லபுரம் போயிருந்தேன். பதினொரு மணி வெயிலில் தூரிகையை எடுப்பதற்குள் பூச்சு காய்ந்து, விளிம்பில் கோடு கட்டிவிடும். ஈரத்தின் மேல் ஈரம் ஓட்டவே முடியாது. அதனால் பென்சிலில் போட்டு, "இங்கே காவி, நிழல் கத்தரிப்பூ, வானம் வெளுப்பு" என்று எழுதி வைத்தேன். குழுவை நடத்துகிறவர் எட்டிப் பார்த்து, "என்ன சார், மளிகை லிஸ்டா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் சுவரில் மாட்டிய படங்களில் என்னுடையது மட்டும் இல்லை. வீட்டில் முடித்ததாம்!

லியரோடு என்னைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று யாரும் கிளம்பி வராதீர்கள். வெள்ளைக்காரனுக்குக் கொடி பிடிக்கவும் இல்லை. வைஸ்ராய் தயவில் ஊர் சுற்றியவர் என்பது எனக்கும் தெரியும். செய்முறையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

இடத்திலேயே முடி என்று சொல்பவர்கள் முதலில் உட்கார இடம் வாங்கித் தரட்டும். போன மாதம் வேறொரு பழைய கோட்டையில் காவலாளி என் மடக்கு ஸ்டூலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். செல்ஃபி ஸ்டிக் போகலாம், ஆனால் கேமரா வைக்கும் டிரைபாட் மாதிரி ஏதோ என்று சொல்லி ஸ்டூல் போகக்கூடாதாம். அனுமதிக் கடிதம் வேண்டுமாம். யாரிடம் வாங்குவது என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை.