கல்லூரியில் நடக்கும் அமானுஷ்யக் காதல் நாவலை நானே வெளியிடலாமா? அப்படி வெளியிட்டவர்களின் அனுபவம் என்ன?

பேயும் காதலும் கலந்த கல்லூரிக் கதை ஒன்றை எழுதி முடித்திருப்பதாகவும், பதிப்பகங்களை அணுகாமல் நேரடியாக அமேசானின் கிண்டிலில் மின்னூலாக வெளியிடலாமா என்று தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக வெளியிடலாம். 2021-இல் நானும் இதே வகையில் ஒரு நாவலை வெளியிட்டேன். ஆறே மாதத்தில் அதன் பாதியை மாற்றி எழுதவும் நேர்ந்தது. ஏன் அப்படி நேர்ந்தது என்பதைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

நான் தாவரவியல் படித்தவள். முதுகலையில் சேர்ந்த புதிதில், துறையின் மர அலமாரியில் அடைந்து கிடந்த பழைய ஹெர்பேரியத் தாள்களை, அதாவது உலர்த்திய செடிகளை ஒட்டிப் பாதுகாக்கும் தாள்களை, துடைத்து அடுக்கும் வேலையை எங்களிடம் கொடுத்தார்கள். அந்துருண்டை வாடை மூக்கில் ஏறும் அந்த அறையில், செங்காந்தள் ஒட்டிய தாள் ஒன்று என் கைக்கு வந்தது. பூ பழுப்பேறி, இதழ் ஓரங்கள் பொடிந்து, தைத்த நூல் மட்டும் தண்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. வலது கீழ் மூலையில் இருந்த சீட்டில் குடும்பம் லிலியேசி, இடம் குற்றாலம் என்றும், அவற்றின் கீழே, சேகரித்தவர் என்ற இடத்தில், மைப்பேனாவால் ஒரு மாணவனின் பெயரும் எழுதப்பட்டிருந்தன. அந்த மாணவன் இப்போது எங்கே இருப்பான் என்று அன்று தோன்றிய கேள்விதான் பல ஆண்டுகள் கழித்து நாவலாயிற்று.

என் கதாநாயகியும் அதே அலமாரியின் முன் நிற்கிறாள். புதிய வகைப்பாட்டின்படி செங்காந்தள் கோல்சிகேசி குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், சீட்டில் இருக்கும் லிலியேசியை அடித்துத் திருத்தப் பேனாவை எடுக்கிறாள். "அதை அடிக்காதீங்க. திருத்தணும்னா பக்கத்துல தனிச்சீட்டு ஒட்டணும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறது. பழைய சீட்டின் மீது கைவைக்கக் கூடாது என்பது ஹெர்பேரியத்தில் உண்மையிலேயே உள்ள மரபு. அதைச் சொன்னவன், 1987-இல் தாவரச் சுற்றுலாவுக்குப் போய்த் திரும்பாத மாணவன்.

இந்தத் தொடக்கம் வாசகர்களுக்குப் பிடித்திருந்தது. சறுக்கல் அதற்குப் பிறகுதான். நாவலை முதலில் வாரம் ஓர் அத்தியாயமாக இணையத்தில் தொடராக எழுதினேன். வெள்ளிக்கிழமை இரவு 'எபி' (எபிசோடு) போட்டாக வேண்டும் என்ற அவசரத்தில், ஒன்பதாம் அத்தியாயத்தில் அவன் விடுதி மெஸ்ஸில் அவளோடு உட்கார்ந்து பூரி சாப்பிட்டான். பதினேழாம் அத்தியாயத்தில் அவளுடைய கண்ணீரைத் துடைக்க முடியாமல் அவன் விரல்கள் அவள் கன்னத்தை ஊடுருவிச் சென்றன. எழுதும்போது எனக்கு இது உறைக்கவே இல்லை. நாவல் கிண்டிலில் வந்தபின் ஒரு வாசகி இரண்டு நட்சத்திரம் கொடுத்து, "பூரியைத் தொட முடிந்தவனுக்கு அவளை ஏன் தொட முடியவில்லை?" என்று ஒரே வரி எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனெனில் அவர் கேட்டதில் ஒரு சொல்கூடத் தவறில்லை.

அமானுஷ்யக் காதலில் அந்த மறுபக்கத்து உயிரால் எது முடியும், எது முடியாது என்ற விதிதான் கதையின் முதுகெலும்பு என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். நம் இலக்கியத்துக்கு இது புதிதும் அன்று. குறளின் காமத்துப்பால் தொடங்கும் 1081-ஆம் குறளே, எதிரே நிற்பவள் அணங்கு என்னும் தெய்வப் பெண்ணோ, மயிலோ, மானுடப் பெண்ணோ என்று மயங்கி நிற்கும் ஒருவனின் குரல். சங்கப் பாடல்களில் மகளின் காதல் நோயை முருகன் வருத்தியதாகக் கருதித் தாய், முருகனின் பூசாரியான வேலனை அழைத்து வெறியாடச் செய்கிறாள். குறுந்தொகை 362-இல், நீ கொடுக்கும் இந்தப் பலியை இவளுக்கு இந்த நோயைத் தந்த தலைவனின் மார்பும் உண்ணுமோ என்று வேலனிடமே கேட்கிறாள் தோழி. இவை எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது நளவெண்பாவின் சுயம்வரக் காட்சி. நளனின் உருவத்தில் நான்கு தேவர்கள் வந்து அமர்ந்திருக்க, கண் இமைப்பதையும், அடிகள் நிலத்தில் தோய்வதையும், அணிந்த மாலை வாடுவதையும் கண்டு உண்மை நளனைத் தமயந்தி அறிகிறாள். மனிதனை மனிதன் என்று காட்டிக்கொடுப்பது அவனுடைய வாட்டம்தான் என்ற அந்த எண்ணத்தின் அழகு என்னை இன்றும் விட்டபாடில்லை.

அதைக் கொண்டே நாவலை மாற்றி எழுதினேன். அவன் இருக்கும்போது அந்தத் தாளில் உள்ள செங்காந்தள் பறித்த அன்றைய சிவப்போடு இருக்கும். அவன் விலகினால் பழுப்பாகும். அவனால் எதையும் தொட முடியாது. அந்தத் தாள் இருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வர முடியாது. இடத்தைப் பற்றிய இந்த விதியை வைத்ததற்குத் தனிக் காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆண், பெண்கள் விடுதியில் நினைத்தபோதெல்லாம் நுழைவதைக் காதல் என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த வகைக் கதைகள் பலவற்றில் அது இனிமையாகவே காட்டப்படுகிறது. எனக்கு அது அச்சம் தருவது. இப்போது அவள் தாளைக் கோப்பில் வைத்து எடுத்துச் சென்றால்தான் அவன் உடன் வர முடியும், அலமாரியில் திரும்ப வைத்தால் அவன் அங்கேயே நின்றுவிடுவான். அவனை அழைப்பதும் அனுப்புவதும் அவள் கையில் வந்தபின், அதுவரை சவசவவென்று இருந்த காதல் காட்சிகள் தாமாகவே உயிர்பெற்றன.

கல்லூரியையும் அதே கவனத்தோடு எழுதுங்கள். அவுட்பாஸில் வார்டன் கையெழுத்து, 75 சதவீத வருகைப்பதிவு, ரெக்கார்டு நோட்டு, வைவா நாளின் வயிற்றுக் கலக்கம் ஆகியவை உண்மையாக இருந்தால்தான், நடுவில் வரும் ஓர் ஆவியையும் வாசகர் நம்புவார். எடுத்துக்காட்டாக, அவனோடு பேசிக்கொண்டிருந்தே என் நாயகிக்கு வருகைப்பதிவு குறைகிறது. அதற்கான அபராதத் தொகையை அப்பாவிடம் கேட்க அவள் படும் பாடு, பேயைவிடப் பெரிய பயமாக வந்திருப்பதாகப் பலர் எழுதினார்கள்.

வெளியீட்டைப் பொறுத்தவரை சில செய்திகள் போதும். கிண்டிலில் மின்னூலாக வெளியிட ஐஎஸ்பிஎன் கட்டாயமில்லை. அச்சு நூலுக்கு வேண்டுமென்றால் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இலவசமாகப் பெறலாம். இந்திய விற்பனைக்கு 70 சதவீத உரிமைத்தொகை வேண்டுமானால் கிண்டிலில் மட்டுமே மின்னூலை விற்கச் சம்மதிக்கும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் 35 சதவீதம்தான். அதில் சேரும் 90 நாளும் மின்வடிவம் வேறெங்கும் கிடைக்கக் கூடாது என்பதால், தொடராகப் போட்ட அத்தியாயங்களை முதலில் நீக்கிவிடுங்கள். அச்சு நூலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அச்சுக்குக் கொடுக்கும்போது மாதிரிப் படியைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஒப்புதல் தராதீர்கள். எனக்கு ஓர் அச்சகத்திலிருந்து வந்த 50 படிகளில், எழுத்துரு மாற்றியபோது கொம்புகள் எல்லாம் இடம்பெயர்ந்து, ஒரு பக்கம்கூடப் படிக்கும்படி இல்லை.

மின்னூலில் கோப்பைத் திருத்தி மீண்டும் ஏற்ற முடிவது பெரும் வரம். அதை நம்பி முதல் படியை அவசரமாக ஏற்றிவிடாதீர்கள். பதிப்பாசிரியர் இல்லாத இடத்தில், தயங்காமல் குறை சொல்லும் இரண்டு பேரையாவது முழு நாவலையும் படிக்க வைத்துவிடுங்கள். தொடர் வாசகர்களின் அன்பு வேறு வகையானது. "அவனை உயிரோடு கொண்டு வாங்க அக்கா" என்று அத்தனை பேர் கேட்டதற்கு இணங்கி, முதல் வடிவில் அவனை உயிர்ப்பித்துக் கல்யாணமும் செய்து வைத்தேன். அந்தக் கடைசி அத்தியாயத்தை இன்று என்னால் திறந்துகூடப் பார்க்க முடியவில்லை. புதிய வடிவில் அவள் படிப்பு முடிந்து போகும் நாளில், அவனுடைய சீட்டுக்குப் பக்கத்தில் கோல்சிகேசி என்று எழுதிய தனிச்சீட்டை ஒட்டி, கீழே தன் பெயரையும் தேதியையும் எழுதுகிறாள். பூ சிவந்தபடி இருக்கும்போதே அலமாரியை மூடுகிறாள்.

உங்கள் கதையில் வருவது ஆவியா, யட்சியா, வேறெதுவுமா என்று கேள்வியில் சொல்லவில்லை. அந்த உயிரால் எதைச் செய்ய முடியாது என்பதை ஒரே வரியில் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். முதல் மூன்று அத்தியாயங்களை அந்த வரியோடு ஒப்பிட்டுப் படித்துச் சொல்கிறேன்.