ஐம்பது மண்பெட்டிகள்: 'டிராகுலா' கேள்வி பதில்

மும்பைத் தமிழ் வாசகர்கள் சிலர் சேர்ந்து படித்த நாவல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'. செத்தும் எழுந்து ரத்தம் குடிக்கும் வாம்பயரான ஒரு பிரபு டிரான்சில்வேனியாவிலிருந்து லண்டன் வரும் கதை, முழுக்க நாட்குறிப்பு, கடிதம், பத்திரிகைச் செய்தியாகவே சொல்லப்படுகிறது. லண்டனில் 1897 மே மாதம் வெளிவந்தது. படித்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இந்த நாவலிலும் அதன் காலத்திலும் ஊறிய உறுப்பினர் ஒருவர் பதில் சொல்கிறார். கதை முடிவு வரை பேசப்படும். பாதியில் நிற்பவர்கள் முடித்துவிட்டு வருவது நல்லது.

டோம்பிவிலி: அக்கா, முதல் நாலு அத்தியாயம் லோக்கலில் நின்னுக்கிட்டே படிச்சேன், அவ்வளவு வேகம். அஞ்சாவதில் ரெண்டு பொண்ணுங்க கல்யாணப் பேச்சை ஆரம்பிச்சுட்டாங்க. மூடி வெச்சுட்டேன். தொடரலாமா?

கண்டிப்பாகத் தொடருங்கள். பெரும்பாலோர் கழன்றுகொள்ளும் இடம் இதுதான். கோளாறு கல்யாணப் பேச்சில் இல்லை, தேதியில் இருக்கிறது. நாலாம் அத்தியாயம் ஜூன் 30 காலையில் முடிகிறது. ஐந்தாம் அத்தியாயம் மே 9 தேதியிட்ட கடிதத்தில் தொடங்குகிறது. அதாவது வேலையாகப் போன ஆங்கில வக்கீல் ஜோனதன் டிராகுலாவின் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டு தவிக்கும் அதே நாட்களில், ஒன்றும் தெரியாமல் அவனைக் கல்யாணம் செய்யப்போகும் மினா தோழி லூசிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். தேதியைப் பார்க்காமல் படித்தால் வெறும் அரட்டை. பார்த்துப் படித்தால் வயிற்றைக் கலக்கும்.

ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: தேதி, எழுதியவர், அன்று டிராகுலா எங்கே. மூன்றாவது பத்தியை நீங்களேதான் நிரப்ப வேண்டும், ஏனென்றால் ஓரிரு துண்டுக் கடிதங்கள் தவிர அவன் கைப்பட எழுதியது எதுவும் நாவலில் இல்லை. ஜூலை 6 கருங்கடல் துறைமுகமான வார்னாவில் டிராகுலா வரும் கப்பலில் சரக்கு ஏற்றி முடிகிறது. ஆகஸ்ட் 8 அன்றைய புயலில் அந்தக் கப்பல் இங்கிலாந்தின் விட்பி கரையில் மோதுகிறது. செப்டம்பர் 20 லூசி சாகிறாள். நவம்பர் 6 கதை முடிகிறது. ஏழாம் அத்தியாயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: ஆகஸ்ட் 8 பத்திரிகைச் செய்திக்குள்ளேயே ஜூலை மாதக் கப்பல் நாட்குறிப்பு வரும். மாலுமிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போக, கப்பல் தலைவன் சுக்கானில் தன் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்தச் சில பக்கங்கள்தான் நாவலிலேயே சிறந்தவை என்பேன்.

சயான்: வெயில் பட்டால் சாம்பலாகணுமே? இவன் லண்டனில் பட்டப்பகலில் நடமாடுறானே, ஆசிரியர் மறந்துட்டாரா?

மறக்கவில்லை. வெயிலில் அழிவது 1922-ல் வந்த ஜெர்மன் மௌனப் படமான 'நொஸ்ஃபெராட்டு' கொண்டுவந்த சங்கதி. அனுமதி வாங்காமல் எடுத்த படம் என்று ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்க உத்தரவும் வாங்கினார். படமும் தப்பித்தது, வெயிலும் நிலைத்துவிட்டது. நாவலின் கணக்குப்படி பகலில் அவனுக்குச் சக்தி குறைவு, அவ்வளவுதான். தன் மண்ணில் இல்லாதபோது உருமாற வேண்டுமானால் சூரிய உதயம், உச்சிவேளை, அஸ்தமனம், இந்த மூன்று நேரங்களில்தான் முடியும்.

செம்பூர் (லேப் டெக்னீஷியன்): லூசிக்கு நாலு பேர் ரத்தம் கொடுக்கிறாங்க. கிராஸ்மேட்ச், அதாவது ரத்தம் பொருந்துதான்னு பாக்கிற சோதனை கிடையாது, ஒண்ணும் கிடையாது. நம்ம லேபில் இதைச் சொன்னா சிரிப்பாங்க மேடம்.

சிரிப்பதற்கு முன் வருடத்தைப் பாருங்கள். கார்ல் லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைப் பிரித்துச் சொன்ன கட்டுரை 1901-ல் வந்தது. நாவல் அதற்கு நாலு வருடம் முந்தியது. மனிதரிடமிருந்து மனிதருக்கு ரத்தம் ஏற்றுவதை லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் 1818 முதலே செய்துவந்தார். சிலர் பிழைத்தார்கள், சிலர் செத்தார்கள், ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

செப்டம்பர் 7 தொடங்கி 18-க்குள் லூசியை மணக்கப்போகும் ஆர்தர், டாக்டர் சீவர்ட், சீவர்டின் குரு வான் ஹெல்சிங், அமெரிக்க நண்பன் குவின்ஸி என நால்வரின் ரத்தம் லூசிக்குள் போகிறது. லூசி ஏபி வகையாக இருந்தால் எந்த வகையும் ஒத்துப்போகும். ஓ வகையாக இருந்து, கொடுத்தவர்களில் ஒருவர் ஏ அல்லது பி என்றாலும் ஆபத்து: அவள் பிளாஸ்மாவில் பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே உருவாகி நிற்கும் எதிர்ப்பொருட்கள் வந்த சிவப்பணுக்களை உடைக்கும், குளிர்க்காய்ச்சல் வரும், சிறுநீரகம் நிற்கும். டிராகுலாவுக்கு வேலையே இருந்திருக்காது.

ஆனால் ஒரு வரியைத் தவறவிடாதீர்கள். ஆர்தர் இளைஞன், ரத்தம் சுத்தம், ஆகவே ஃபைப்ரினை நீக்க வேண்டியதில்லை என்கிறார் வான் ஹெல்சிங். ரத்தத்தைக் கடைந்து, உறைய வைக்கும் அந்த நார்ப்பொருளை எடுத்துவிட்டு ஏற்றுவது அந்தக் காலத்து நடைமுறை. உறையாமல் தடுக்க சிட்ரேட் என்ற உப்பைச் சேர்ப்பது 1914-ல்தான் வந்தது. ஆக, ஸ்டோக்கர் அன்றைய மருத்துவத்தை விசாரித்துத்தான் எழுதியிருக்கிறார். வான் ஹெல்சிங் சொன்ன காரணம்தான் தப்பு: இளமைக்கும் உறைதலுக்கும் சம்பந்தமில்லை.

முலுண்ட்: விளாட் மன்னன்தானே உண்மையான டிராகுலா? கழுவேற்றினவன்?

பெயர் அவனுடையது, கதை அவனுடையதல்ல. மூன்றாம் விளாட் 15-ஆம் நூற்றாண்டில், இன்றைய ருமேனியாவில் உள்ள வல்லாச்சியாவை ஆண்டவன், 1456 முதல் 1462 வரை அவனுடைய நீண்ட ஆட்சி. ஸ்டோக்கர் 1890 கோடையில் விட்பி ஊர் நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் 1820-ல் எழுதிய நூலில் அந்தப் பெயரைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அதற்குமுன் தன் பிரபுவுக்கு வாம்பயர் என்றே பெயர் வைத்திருந்தார். அவருடைய கைக்குறிப்புகள் ஃபிலடெல்ஃபியாவில் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கழுவேற்றம் பற்றி அவற்றில் பேச்சே இல்லை. டிரான்சில்வேனியாவுக்கும் அவர் போனதில்லை. சுற்றுலாக்காரர்களுக்கு 'டிராகுலா கோட்டை' என்று காட்டப்படும் பிரான் கோட்டைக்கும் நாவலுக்கும் தொடர்பில்லை.

காட்கோபர்: அப்போ செத்தவன் எழுந்து ரத்தம் குடிப்பான்ங்கிற இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? சும்மா பாட்டி கதையா?

பாட்டி கதை இல்லை, அரசாங்கக் கோப்பு! வட செர்பியா 1718-ல் ஆஸ்திரியர் கைக்கு வந்தது. கிராமத்தார் பிணங்களைத் தோண்டுவதைப் பார்த்து அதிகாரிகளும் ராணுவ வைத்தியர்களும் அறிக்கை எழுதினார்கள். 1725-ல் பீட்டர் பிளோகோயோவிட்ஸ் என்ற விவசாயி செத்த பிறகு அதே ஊரில் எட்டு நாளில் ஒன்பது பேர் சாகிறார்கள். தோண்டினால் உடல் கெடவில்லை, வாயில் புது ரத்தம், புது நகம். 1732-ல் இதே சந்தேகத்துக்கு ஆளான அர்னோல்ட் பாவ்லே என்பவரின் விவகார அறிக்கை வந்ததும் ஐரோப்பா முழுக்க இதே பேச்சு.

அறிக்கை எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை, கண்டதைத்தான் எழுதினார்கள். குளிர்ந்த மண்ணில் ஆழப் புதைத்த உடல் மெதுவாகத்தான் அழுகும். குடலில் வாயு சேர்ந்து வயிறு உப்பும், பார்த்தால் சாப்பிட்டுக் கொழுத்தது போலிருக்கும். அந்த அழுத்தத்தில் நுரையீரலிலிருந்து செந்நிற நீர் வாய்க்கு ஏறும். மேல்தோலும் நகமும் உரிந்தால் அடியில் இளஞ்சிவப்பாக நகப்படுகை தெரியும், அதைத்தான் புது நகம் என்றார்கள். ஆப்பு இறக்கும்போது தொண்டை வழியாக வாயு வெளியேறினால் முனகல் கேட்கும். அடுத்தடுத்த சாவுக்குத் தொற்றுநோய் போதும். கடைசியில் பேரரசி மரியா தெரசா தன் மருத்துவர் வான் ஸ்வீட்டனை விசாரிக்கச் சொல்லி, 1755-ல் பிணம் தோண்டுவதற்குத் தடை போட்டார்.

தாராவி: நம்ம வேதாளமும் ரத்தக்காட்டேரியும் இதே இனம்தானா?

வேதாளம் இல்லை. அது வேறொருவர் பிணத்துக்குள் புகுந்துகொள்வது, முருங்கை மரத்தில் தொங்கி விக்கிரமாதித்தனுக்குப் புதிர் போடுவது. டிராகுலா தன் சொந்த உடலோடு எழுந்தவன். காட்டேரி கொஞ்சம் நெருக்கம், ஆனால் நம்மூரில் அதற்குப் படையல் போட்டு வழிக்குக் கொண்டுவரலாம், இவனிடம் அது நடக்காது. இந்தத் தொல்லை இந்தியாவிலும் உண்டு என்று வான் ஹெல்சிங் ஒரு இடத்தில் அடுக்கிக்கொண்டே போகிறார், விளக்கம் ஏதும் இல்லை. அதைவிடச் சுவையான இந்தியத் தொடர்பு கடைசிப் பக்கங்களில் இருக்கிறது: டிராகுலாவின் தொண்டையை அறுப்பது ஜோனதன் கையிலிருக்கும் கூர்க்கா குக்ரி. நெஞ்சில் இறங்குவது குவின்ஸியின் கத்தி. மரஆப்பு லூசிக்கும் கோட்டையிலிருக்கும் மூன்று வாம்பயர் பெண்களுக்கும்தான், லூசிக்கான ஆப்புக்கு ஸ்டோக்கர் அளவே கொடுத்திருக்கிறார்: இரண்டரை, மூன்று அங்குலக் கனம், மூன்றடி நீளம், முனை நெருப்பில் கருக்கி இறுக்கியது. அடிப்பது வீட்டில் நிலக்கரி உடைக்கும் சுத்தியால்.

தாணே: நடுவில் ஒரே ரசீது, வண்டிக்காரன், வீட்டுத் தரகர். பேய்க்கதையில் இதெல்லாம் எதுக்கு அக்கா?

இதற்காகத்தான் நான் இந்த நாவலை விடாமல் வாதாடுகிறேன். டிராகுலா தன் ஊர் மண் இருக்கும் பெட்டியில்தான் ஓய்வெடுக்க முடியும். ஐம்பது பெட்டிகள் லண்டன் வருகின்றன. ஜோனதன் வண்டிக்காரர்களுக்குக் காசு கொடுத்து விசாரித்துக் கணக்கைக் கூட்டுகிறான்: டிராகுலா வாங்கிய கார்ஃபாக்ஸ் வீட்டில் 29, மைல் எண்ட் பக்கம் 6, பெர்மாண்ட்சியில் 6, பிக்காடில்லியில் 9. நாற்பத்தொன்பதை அவன் இனிப் பயன்படுத்த முடியாதபடி கெடுத்துவிடுகிறார்கள். மிச்சம் ஒன்று, அதில்தான் அவன் ஓடுகிறான். துரத்தியவர்கள் வார்னாவில் காத்திருக்க, கப்பல் டான்யூப் ஆற்றுத் துறைமுகமான கலாட்ஸில் போய் நிற்கிறது. அங்கே கைகொடுப்பது மினாவுக்கு மனப்பாடமாயிருக்கும் ரயில் நேரம்.

மினா எல்லா நாட்குறிப்புகளையும் தட்டச்சில் மூன்று பிரதி எடுக்கிறாள். டிராகுலா நள்ளிரவில் வந்து கையெழுத்துப் பிரதியையும் சீவர்டின் மெழுகு ஒலிப்பதிவுகளையும் எரிக்கிறான். இரும்புப் பெட்டியில் இன்னொரு பிரதி இருக்கிறது. நானூறு வருடப் பிரபுவை வீழ்த்துவது சிலுவையும் பூண்டும் மட்டுமல்ல, ஒரு பள்ளி ஆசிரியையின் கார்பன் காப்பியும்தான். வான் ஹெல்சிங்கின் நீண்ட பிரசங்கங்களைத் தாண்டிப் போகலாம், எனக்கு ஆட்சேபமில்லை. ரசீதுகளைத் தாண்டாதீர்கள்.

மாட்டுங்கா: கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் மூணு விதமான பதிப்பு இருக்கு. எதை வாங்கலாம்?

கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள், 27 அத்தியாயம் இருக்க வேண்டும். இருந்தாலும் சுருக்கப்பட்டிருக்கலாம், ஸ்டோக்கரே 1901-ல் வெட்டிய பதிப்பு ஒன்று உண்டு. அட்டையில் சுருக்கம், சிறுவர் பதிப்பு என்று ஏதாவது இருந்தால் வைத்துவிடுங்கள். முதல் பதிவு மே 3 பிஸ்ட்ரிட்ஸ் என்று தொடங்க வேண்டும். சிலவற்றில் அதற்கு முன்னால் 'டிராகுலாஸ் கெஸ்ட்' என்ற சிறுகதையை ஒட்டியிருப்பார்கள். அது ஸ்டோக்கர் இறந்த பிறகு 1914-ல் வெளிவந்தது, நாவலை முடித்த பிறகு படியுங்கள். அடிக்குறிப்புள்ள பதிப்பை இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பு எழுதுகிறவர்கள் முடிவை ஐந்தாம் பக்கத்திலேயே போட்டு உடைப்பார்கள். காசு செலவழிக்க மனமில்லை என்றால் பதிப்புரிமை முடிந்த நாவல்தான், குட்டன்பெர்க் தளத்தில் முழுப் பாடமும் இலவசம்.