பழைய பெற்றோல் மெசின் நடுவயலில் நிற்பது ஏன்? கேள்வி பதில்

பழைய பெற்றோல் உழவு மெசின்களைப் பற்றித் திருகோணமலைப் பக்கத்து விவசாயிகள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பலரிடம் இருப்பது 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றியில் செய்யப்பட்ட சாம்பல் நிறப் பேர்குசன் டி.இ.20. எல்லோருடைய முறைப்பாடும் ஏறக்குறைய ஒன்றுதான்: நன்றாக ஓடுகிறது, சொல்லாமல் கொள்ளாமல் நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் திரும்ப ஓடுகிறது.

தம்பலகாமத்திலிருந்து: அண்ணன், அப்பா காலத்துப் பேர்குசன். பெட்டி (ட்ரெயிலர்) இழுக்கும்போது சில நாள் அரை மணித்தியாலத்தில் நிற்கும், சில நாள் பொழுது சாயும்வரை ஓடும். பிளக், பொயின்ற், கொயில் எல்லாம் மாற்றியாயிற்று. காபரேற்றரையும் கழற்றிக் கழுவினோம். இனி எதை மாற்றுவது?

இனி எதையும் மாற்ற வேண்டாம், தம்பி. மெசின் நின்ற இடத்திலேயே, நின்ற கையோடு பார்த்தால்தான் குற்றம் பிடிபடும். கராஜுக்கு இழுத்துக்கொண்டு போவதற்குள் எஞ்சின் ஆறிவிடும், தாங்கியில் கலங்கிய அழுக்கு அடங்கிவிடும். அங்கே போய் ஸ்டார்ட் பண்ணினால் முதல் அடியிலேயே ஓடும். மெக்கானிக் பாஸ் என்ன செய்வார்? சந்தேகப்பட்ட சாமானை மாற்றித் தருவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

முதலில் நிற்கிற விதத்தைக் கவனியுங்கள். ஒரே வெட்டாக நின்றால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம். இரண்டு மூன்று தரம் இருமி, இழுவை குறைந்து, சோக் இழுத்தால் கொஞ்சம் தாக்குப்பிடித்து அப்புறம் நின்றால் பெற்றோல் பக்கம்.

நின்றதும் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடிக்காதீர்கள். பழைய பிளக் ஒன்று, ஸ்பனர் சாவி ஒன்று, தகரப் பேணி ஒன்று, மூன்றும் எப்போதும் மெசினில் இருக்கட்டும். ஒரு பிளக் வயரைக் கழற்றி அந்தப் பழைய பிளக்கில் மாட்டி, பிளக்கின் இரும்பு எஞ்சின் இரும்பில் நன்றாகத் தொடும்படி வையுங்கள். கையில் பிடிக்க வேண்டாம். இன்னொருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். பேர்குசனில் கியர் தடியை எஸ் என்ற இடத்துக்குக் கொண்டுபோனால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும் என்பதால் கியரில் கிடந்து மெசின் பாயும் என்ற பயம் இல்லை. நீலமாகப் படபடவென்று பொறி வந்தால் மின்சாரம் சரி. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வராவிட்டாலோ குற்றம் அந்தப் பக்கம்.

பொறி சரியென்றால் அந்த வேலையை முழுதாக முடித்துவிட்டுப் பெற்றோலைப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்து தீப்பிடிக்க வைத்துவிடாதீர்கள். இந்த மெசினில் பெற்றோல் பம்ப் கிடையாது, தாங்கியிலிருந்து தானாகவே இறங்கி வரும். காபரேற்றருக்கு வரும் குழாயைக் கழற்றிப் பேணிக்குள் விட்டு, தாங்கியின் அடியிலுள்ள டப்பைத் திறவுங்கள். ஒரு நிமிடமாவது குறையாமல் ஓட வேண்டும். நன்றாக வந்து பிறகு மெலிந்தால் தாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். ஓட்டம் கூடினால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. கூடாவிட்டால் தாங்கிக்குள் துரு.

உங்கள் மெசினில் எனக்குச் சந்தேகம் துருவில்தான். காபரேற்றரைக் கழுவினீர்கள், தாங்கியை இறக்கியதாகச் சொல்லவில்லை. துருச்செதில் பெற்றோலோடு இழுபட்டு வந்து டப்பின் வலையில் ஒட்டும். எஞ்சின் நிற்கும். ஓட்டம் நின்றதும் செதில் விலகி விழ, பெற்றோல் மறுபடி வரும். மேடு பள்ளத்தில் பெட்டியோடு குலுங்கும் நாளில் இது கூடுதலாக நடக்கும். ஒரு நாள் ஓடி ஒரு நாள் ஓடாமல் உங்களைச் சுற்ற வைப்பது இதுவாக இருக்கலாம்.

சேருநுவரவிலிருந்து: தாங்கித் துருவை எப்படி எடுப்பது?

தாங்கியை இறக்கி, பெற்றோலை முழுவதும் வடித்து, சின்னச் சங்கிலி ஒன்றை உள்ளே போட்டுச் சவர்க்காரத் தண்ணீரோடு நன்றாகக் குலுக்குங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, வெயிலில் முழுதாகக் காயவிட்டு, கொஞ்சம் பெற்றோலால் கழுவி ஊற்றிவிட்டுப் பூட்டுங்கள். டப் வலை, கண்ணாடிக் கிண்ணம், காபரேற்றர் வாயில் இருக்கும் வலை மூன்றையும் அன்றைக்கே சுத்தம் செய்ய வேண்டும். தாங்கியில் ஓட்டை இருந்தால் வெல்டிங்குக்குக் கொண்டுபோகாதீர்கள். வெறும் தாங்கியில் இருக்கும் பெற்றோல் ஆவி வெடிக்கும். ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

கிண்ணியாவிலிருந்து: என்னுடையது ஒரே வெட்டாக நிற்கிறது. பொறி சில நேரம் வருகிறது, சில நேரம் இல்லை. கொயில் புதிது.

பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் பொயின்றுக்குப் போகும் அந்தக் குட்டி வயரைப் பாருங்கள். எஞ்சின் அதிர்வில் வயரின் உறை தேய்ந்து இரும்பில் பட்டால் எஞ்சின் அந்த நொடியே நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பலர் பார்க்காமல் விடும் இடம் இதுதான்.

அது சரியென்றால் சுவிச். தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இந்த மெசினில் பற்றரியின் பிளஸ் முனைதான் பாடியில் பூட்டியிருக்கும். ஆகவே மைனஸ் முனையிலிருந்து கொயிலின் சுவிச் பக்கத்துக்குத் தனி வயர் ஒன்று கொடுத்து ஓட்டிப் பாருங்கள். யாராவது இடையில் மாற்றிப் பூட்டியிருந்தால் எதிர் முனையிலிருந்து எடுங்கள். நிற்காமல் ஓடினால் குற்றம் சுவிச்சிலோ அதன் வயரிலோ. எஞ்சினை நிறுத்த அந்த வயரைக் கழற்ற வேண்டும். மறந்து விட்டுவிட்டால் கொயில் வெந்துவிடும்.

பொயின்ற் இடைவெளி 0.25 முதல் 0.30 மில்லிமீற்றர். பொயின்ற் திறக்கும்போது பெரிதாகப் பொறி பறந்தால், முகங்கள் கருகிக் குழி விழுந்திருந்தால் பொயின்றோடு பூட்டியிருக்கும் கொண்டென்சரை மாற்றுங்கள். ஆனால் நன்றாக ஓடும் பழைய கொண்டென்சரைச் சும்மா கழற்றி எறியாதீர்கள். இப்போது வரும் புதியவற்றில் பல அவ்வளவு தரமில்லை.

கந்தளாயிலிருந்து: சிறுபோகத்தில், கச்சான் வீசும் நாட்களில் மத்தியானம் மட்டும் நிற்கிறது. இருபது நிமிடம் விட்டால் ஓடுகிறது. கொயில் சூடா, பெற்றோல் சூடா?

இரண்டும் ஒரே மாதிரித்தான் ஏமாற்றும். நின்றவுடன் பொறி பாருங்கள். பொறி இல்லையென்றால் கொயில். ஆறினால் வேலை செய்யும், சுட்டால் செத்துவிடும். அதை மாற்றத்தான் வேண்டும். பொறி இருந்தால் குழாயிலும் காபரேற்றரிலும் ஈரச்சாக்கைப் போடுங்கள். உடனே ஓடினால் பெற்றோல் குழாய்க்குள் கொதித்து ஆவியாகி வழியை அடைத்திருக்கிறது. குழாய் புகைக்குழாய்ப் பக்கமாக வளைந்து போகிறதா என்று பார்த்து விலக்கிக் கட்டுங்கள், இடையில் ஒரு தகரத் தடுப்பு வையுங்கள்.

மூதூரிலிருந்து: மார்கழி மழையில் காலையில் இருமி இருமி நிற்கிறது ஐயா. வெயில் வந்தால் சரி.

டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம். துடைத்து, உள்ளே மயிர்போலக் கறுப்புக் கோடு ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூடியை மாற்றுங்கள். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டால் பழைய பிளக் வயர்களில் நீலப் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும். கடற்கரையை அண்டிய இடங்களில் உப்புக் காற்றால் பற்றரி முனையும் பாடி வயரும் பூத்துப்போகும், அதையும் சுரண்டிப் பூட்டுங்கள்.

குச்சவெளியிலிருந்து: மெசின் இல்லை அண்ணன், வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் சின்னப் பெற்றோல் பம்ப். சரிவில் வைத்தால் நிற்கிறது.

ஒயில் பாருங்கள். இப்படிப்பட்ட பல எஞ்சின்களில் ஒயில் குறைந்தால் பொறியை வெட்டிவிடும் அமைப்பு உள்ளே இருக்கிறது. சரிவில் வைத்தால் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கும், அதுவும் குறைவு என்று எடுத்து நிறுத்திவிடும். ஒயிலை மட்டத்துக்கு விட்டு, பம்பைச் சமமாக வையுங்கள்.

நிலாவெளியிலிருந்து: 2022 தட்டுப்பாட்டில் கானில் சேர்த்து வைத்த பெற்றோல் மிச்சம் இருக்கிறது. அதோடு 95 ஒக்டேன் பெற்றோல் கலந்து அடித்தால் நிற்பது குறையுமா?

வேண்டாம் தங்கச்சி. அவ்வளவு காலம் இருந்த பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரின் ஜெட் துளையை அடைக்கும். அதை எஞ்சினுக்கு விடவே கூடாது. 95இற்குச் செலவழிக்கவும் தேவையில்லை. பேர்குசன் எஞ்சினின் அமுக்க விகிதம் ஏறக்குறைய ஆறுக்கு ஒன்றுதான், 92 ஒக்டேன் தாராளம்.

ஈச்சிலம்பற்றிலிருந்து: என்னுடையது மண்ணெண்ணெய் மாடல். வரம்பு திரும்பும்போது வேகம் குறைத்தால் நிற்கிறது, பிறகு ஸ்டார்ட் ஆவதே இல்லை.

எஞ்சின் நன்றாகச் சூடாகும் முன்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறீர்கள். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, தண்ணீர் நன்றாகச் சுட்ட பிறகு மாற்றுங்கள். கனக்க நேரம் வேகம் குறைத்து ஓடுவதாக இருந்தால் பெற்றோலுக்குத் திருப்பிவிடுங்கள். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பும் அப்படியே. காபரேற்றர் நிறைய மண்ணெண்ணெய் இருந்தால் ஆறிய எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. இப்போது நின்றிருந்தால் காபரேற்றரின் அடிப் புரியைக் கழற்றி அதை வடித்துவிட்டு, பெற்றோல் டப்பைத் திறந்து ஸ்டார்ட் பண்ணுங்கள். ஒயிலையும் தொட்டுப் பாருங்கள். எரியாத மண்ணெண்ணெய் இறங்கித் தண்ணீராகியிருந்தால் மாற்றிவிட்டுத்தான் வயலுக்குள் இறக்க வேண்டும்.