பழைய மர மோட்டார் படகை வாங்கிச் சீர்செய்து ஓட்டுவது சாத்தியமா? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தாராளமாகச் செய்யலாம். நான் ஒன்ராறியோவில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது பீட்டர்பரோ கனோ கம்பெனி 1950களில் கட்டிய சீடர் (cedar) மரப் படகு. பின்னால் அதே காலத்து ஜான்சன் சீ ஹார்ஸ் எஞ்சின். 1892இல் தொடங்கிய அந்தக் கம்பெனி 1961இல் மூடப்பட்டது. அலுமினியமும் ஃபைபர் கிளாஸும் வந்தபின், கையால் ஆணி அடித்துச் சேர்க்கும் படகு விலைபோகவில்லை. அவர்கள் கட்டிய படகுகள் இன்றும் இந்தப் பக்கத்து ஏரிக்கரைக் கொட்டகைகளில் கிடக்கின்றன. ஒன்றையாவது தண்ணீரில் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் நான் இதில் இறங்கினேன்.

பார்க்கப் போகும்போது வார்னிஷின் பளபளப்பில் மயங்க வேண்டாம். சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்றைக் கொண்டுபோய், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, எஞ்சின் மாட்டும் பின்பலகையின் கீழ் ஓரத்தையும் வங்குகளின் (படகின் உள்ளே விலா எலும்புபோல வளைந்திருக்கும் சட்டங்களின்) அடிப்பக்கத்தையும் மெதுவாகக் குத்திப் பாருங்கள். நுனி சுலபமாக உள்ளே இறங்கினால் அந்த இடம் உளுத்துவிட்டது. ஒன்றிரண்டு வங்கு உடைந்திருந்தால் பயப்படத் தேவையில்லை. பின்பலகை போயிருந்தால் மட்டும் விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். அதை மாற்றாமல் எஞ்சின் மாட்டவே கூடாது.

இந்த மரத்தைக் கெடுப்பது ஏரித் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர். மூடாமல் முற்றத்தில் விட்ட படகின் உள்ளே மழையும் சருகும் தேங்கி, ஈரமும் காற்றும் சேர்ந்தே இருப்பதால் பூஞ்சை பிடிக்கிறது. அதனால் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, வடிகால் அடைப்பானைக் கழற்றி, உள்ளே காற்று ஓடி ஈரம் காயும்படி மூடி வையுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை வங்கு மாற்றுவது. மெல்லிய ஓக் சட்டத்தை நீளமான மரப்பெட்டிக்குள் வைத்து ஆவி விட வேண்டும். இடியப்பம் அவிப்பது மாதிரிதான், நேரம்தான் கூட. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு. வெளியே எடுத்ததும் சட்டம் நாராக வளையும், ஆனால் ஒரு நிமிடத்துக்குள் விறைக்கத் தொடங்கிவிடும். அதற்குள் படகின் வளைவில் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அப்புறம் ஒருவர் வெளியிலிருந்து செம்பு ஆணியை அடிக்க, உள்ளே இன்னொருவர் கனத்த இரும்பைப் பிடித்திருப்பார். ஆணி நுனி இரும்பில் மோதி, மடங்கி, மரத்துக்குள்ளேயே திரும்பி இறங்கும். அந்தப் பிடிப்பு தலைமுறைகள் தாங்கும். இதைத் தனியாளாகச் செய்ய முயலாதீர்கள்.

"ஒழுகுகிறதா, வெளியே ஃபைபர் கிளாஸ் போட்டுவிடு" என்று பலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். சீடர் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கண்ணாடி இழை அதனோடு சேர்ந்து அசையாது. நாளடைவில் பிரியும், இடையில் தண்ணீர் புகுந்து, வெளியே தெரியாமலே பலகை உளுக்கும். நல்ல படகுகள் பல இப்படித்தான் பாழாயின. குளிர்காலம் முழுக்கக் காய்ந்த படகு வசந்தத்தில் ஒழுகுவது இயல்பு. ஆழமில்லாத இடத்தில் கட்டிப்போட்டு, தண்ணீரை இறைத்துக்கொண்டே இருங்கள். மரம் உப்பி இடுக்குகள் தாமாக மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் ஆகியும் நிற்காவிட்டால்தான் பழுது தேட வேண்டும்.

எஞ்சின் இதைவிடச் சுலபம். பற்றவைப்புச் சுருள்களில் வெடிப்பு விட்டிருக்கும், தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கை விறைத்துப் போயிருக்கும். இரண்டையும் யோசிக்காமல் மாற்றுங்கள். நல்ல வேளையாக இவை இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. அந்தக் காலத்து ஜான்சனுக்குப் பெட்ரோல் 24 பங்கு, எண்ணெய் 1 பங்கு. இன்றைய 50க்கு 1 கலவையை ஊற்றினால் உள்ளே தேய்ந்துவிடும். டேங்கிலிருந்து இரட்டைக் குழாய் வந்தால், எஞ்சின் அனுப்பும் காற்றழுத்தம்தான் பெட்ரோலைத் தள்ளுகிறது என்று அர்த்தம். அழுத்தம் ஏறிய பழைய டேங்கை நான் நம்புவதில்லை. சின்ன பெட்ரோல் பம்ப் பொருத்திச் சாதாரண டேங்குக்கு மாறிவிடுங்கள். எஞ்சினைத் தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட விடாதீர்கள். வீட்டில் சோதிக்கப் பெரிய பீப்பாயில் தண்ணீர் நிரப்பினால் போதும்.

கனடாவில் 10 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின் என்றால் படகுக்கு உரிம எண் வேண்டும். ஓட்டுபவருக்கோ, எஞ்சின் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தகுதி அட்டை வேண்டும். பழைய படகு என்பதற்காகச் சலுகை எதுவும் இல்லை. வாங்கும்போதே உரிமத்தை உங்கள் பெயருக்கு மாற்றக் கையெழுத்துப் போட்ட விற்பனைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.