பதில்: கருப்பட்டி உறைக்கு 30 கோட்டோவியம் கேட்கிறார்கள், 6க்கு மேல் வரவில்லை

ஆறிலும் பனைமரம்தான் வருகிறது, ஆசிரியர் "இன்னும்" என்று மட்டும் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வடிவமைப்புப் படிப்பின் முதலாண்டில் நானும் இதே இடத்தில் நின்று அழுதிருக்கிறேன். உங்களுக்குத் திறமை குறைவு என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். முதலில் வருபவை எல்லோருக்கும் வருகிற படங்கள். அவற்றைக் கையிலிருந்து இறக்கி வைக்கத்தான் அந்த 30.

பென்சிலைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, பொருளை விட்டு வேலையை எழுதுங்கள்: ஏறுவது, பாளை சீவுவது, கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது, பதநீர் காய்ச்சுவது, சிரட்டையில் ஊற்றுவது. கருப்பட்டியின் அரைக்கோள வடிவமே சிரட்டை தந்ததுதானே! அந்த ஒரு வளைவிலிருந்தே நான்கைந்து உறைகள் பிறக்கும். ஓலைக் கொட்டானின் பின்னலைத் தனியாகப் பாருங்கள், மடிப்பு முறையே கிடைக்கலாம். முடிந்தால் காய்ச்சும் இடத்துக்கு ஒருநாள் போய் வாருங்கள். இணையப் படங்கள் உங்களை மறுபடியும் பனைமரத்திடமே கொண்டுபோய் விடும்.

ஒரு படத்துக்கு இரண்டே நிமிடம். அழிப்பான் வேண்டாம்.

1994இல் ஃபெடெக்ஸ் கூரியர் நிறுவனத்தின் சின்னத்தை வடிவமைத்த லிண்டன் லீடரும் குழுவும் 200க்கு மேற்பட்ட வடிவங்களைப் போட்டுப் பார்த்தார்கள். அதில் ஒளிந்திருக்கும் அம்புக்குறி, எழுத்துகளை நெருக்கி வைத்துப் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது.

சிரட்டை வளைவில் வந்ததை இங்கே போடுங்கள், நிச்சயம் பார்க்கிறேன்.