டிரம்பெட், கானா, ஜாஸ் கீபோர்டு: ஒட்ட வைக்கலாம் தம்பி

வியாசர்பாடி கல்யாண பேண்டு செட்ல டிரம்பெட் ஊதுன பெரியவர், கானா பாடுற பையன், ஜாஸ் படிச்ச கீபோர்டு பொண்ணு, மூணு பேரும் சேர்ந்தா சுருதியும் தாளமும் முட்டுதுன்னு எழுதியிருக்கீங்க.

சுருதி சின்ன சிக்கல். டிரம்பெட் பி ஃப்ளாட் வாத்தியம், அதாவது அவர் 'சி'ன்னு ஊதினா காதுல விழுறது ஒரு முழு சுரம் கீழே இருக்குற பி ஃப்ளாட். அதனால பொண்ணு டி மைனர் ஸ்கேல்ல வாசிச்சா பெரியவருக்கு அது ஈ மைனர். அட்டையில எழுதி ஸ்டாண்டுல ஒட்டிடுங்க.

தாளத்துலதான் விஷயமே இருக்கு. கானாவோட ஆறு எட்டு நடையில ஒவ்வொரு அடியும் மூணா உடையும். மிதமான வேகத்துல ஜாஸ் ஸ்விங்கும் கிட்டத்தட்ட அப்படித்தான், முதல் ரெண்டைச் சேர்த்து இழுத்து மூணாவதைத் தட்டுவாங்க. நம்ம திஸ்ரம்தான் ரெண்டும்! டோலக்கை நிறுத்தாதீங்க, கீபோர்டு அது மேல வந்து உக்காரட்டும். டிரம்ஸ் செட் இப்போதைக்கு வேணாம், சத்தம்தான் மிஞ்சும்.

பெரியவர் தனியா வாசிக்கக் கூச்சப்பட்டா, பையன் பாடுற ஒவ்வொரு வரிக்கும் பதில் ஊதச் சொல்லுங்க. நாலு பார் (தாளக் கட்டம்) அவன், நாலு பார் அவர். ஜாஸ்லயும் இப்படி மாத்தி மாத்தி வாசிக்கிறது ரொம்ப சகஜம். வயசு வித்தியாசத்துக்குப் பயப்படாதீங்க, டிரம்மர் ஆர்ட் பிளேக்கி 1990ல சாகுற வரைக்கும் சின்னப் பசங்களைச் சேர்த்துத்தான் தன் குழுவை ஓட்டினார்.

சுருதியை முடிவு பண்றப்போ மட்டும் பையனோட தொண்டையைக் கேளுங்க, கருவியை இல்ல.